ஒரு பகல், ஆறு பேர், ஒரு தீவு: வடசென்னையிலிருந்து எங்கே போவது?

"ஞாயித்துக்கெழம எதுனா தீவுக்குப் போலாமாடா?" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் போட்டால், முதலில் வரும் பதில் "பொருட்காட்சி இன்னும் போடலயே" என்பதுதான். ராயபுரம், தண்டையார்பேட்டை ஆட்களுக்குத் தீவு என்றாலே பொருட்காட்சி போடும் தீவுத்திடல். அடுத்தவன் பழவேற்காடு என்பான். இன்னொருத்தி பிச்சாவரம் படகுப் படத்தை அனுப்புவாள். நாலாவது ஆள் அந்தமான் விமான டிக்கெட் விலையைப் போட்டு எல்லோர் வாயையும் அடைப்பான். மூன்று வாரம் பேசிப் பேசிக் கடைசியில் மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம்.

இந்தக் குழப்பம் எங்கள் குழுவுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. இந்தத் தீவுகளில் சிலவற்றுக்குப் போய்ச் சூடுபட்டு வந்தவன் என்பதால் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், எது நல்லது என்று. ஒவ்வொருவருக்கும் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் கணக்கில் ஆறு பேர், ஆணும் பெண்ணும் கலந்த குழு. அதில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும், மறுநாள் எல்லோருக்கும் வேலை. உங்கள் குழு வேறு மாதிரி என்றால் முடிவும் மாறும். எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் தூரத்தையும் செலவையும்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: படகு யாருடையது, திருப்பிக் கூட்டிவரப்போவது யார்? தீவு எவ்வளவு அழகு என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் ஆறு பேர் பழவேற்காட்டில் ஒரு ஃபைபர் படகில் ஏறினோம். டிக்கெட் கிடையாது, லைஃப் ஜாக்கெட் கிடையாது. ஏறியிருக்கக் கூடாது, ஏறினோம். படகுக்காரர் எங்களை ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, "ஒரு மணி நேரத்துல வர்றேன், வலய இழுத்துட்டு" என்று சொல்லிப் போனார். அப்போது மணி பதினொன்றரை. அவர் திரும்பி வந்தது இரண்டே முக்காலுக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வலைதான் பிழைப்பு, நாங்கள் உபரி. ஆனால் அந்த மூன்றே கால் மணி நேரத்தில் திட்டில் ஒரு செடி நிழல்கூட இல்லை. ஆறு பேருக்கு நான்கு தண்ணீர் பாட்டில். செருப்பைக் கழற்றினால் மணல் சுட்டது, போட்டுக்கொண்டால் செருப்புக்குள் புகுந்த மணல் சுட்டது. கொண்டுபோன தர்பூசணியை உடைத்தோம். காற்று ஒரு வீச்சு வீசியது, சிவப்புத் துண்டு எல்லாம் ரவை உருண்டை மாதிரி ஆகிவிட்டது. அதையும் தின்றோம். எங்களோடு வந்த பெண்கள் இருவரும் தண்ணீரே குடிக்கவில்லை. ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி என்பதால்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒருத்திக்குக் காய்ச்சல்.

அந்த ஒரு நாளிலிருந்து வந்தவைதான் என் அளவுகோல்கள்:

- படகு: அனுமதி உள்ளதா, எல்லோருக்கும் உயிர்காப்பு உடை உண்டா, திரும்பும் நேரம் உறுதியா.
- நிழல், குடிநீர், கழிப்பறை: மூன்றையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் பகல் பாழ்.
- இருட்டுக்கு முன் கரை: சென்னையில் டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஆறரை தாண்டும். மாலை நான்கு மணிக்குக் கடைசிப் படகு என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.
- தலைக்கு எவ்வளவு: பெட்ரோலும் படகும் மட்டும் கணக்கில்லை. டோல், பர்மிட், வாகனம் நிறுத்த, "அண்ணே ஏதாவது பாத்துக் குடுங்க" வரை எல்லாம் சேரும்.
- இறங்கியபின் என்ன செய்வது: இதை யாரும் யோசிப்பதே இல்லை. மணலில் பத்து நிமிடம் படம் எடுத்தபின் மீதி இரண்டு மணி நேரம் இருக்கிறதே.

## ஒரே பார்வையில்

தூரங்கள் ராயபுரத்திலிருந்து ஒருவழிக்கு, தோராயமாக. திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் வடக்கே போகும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள், தெற்கே போகும் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள்.

| | பழவேற்காடு (பாலம் வழி) | இருக்கம் தீவு | முதலியார்குப்பம் | பிச்சாவரம் |
|---|---|---|---|---|
| தூரம் | 55 கி.மீ. | 80–90 கி.மீ. | 105 கி.மீ. | 240 கி.மீ. |
| படகு | தேவையில்லை | தேவை, முன்கூட்டிக் கேட்க வேண்டும் | சுற்றுலாக் கழகப் படகு | சுற்றுலாக் கழகப் படகு |
| நிழல் | ஊருக்குள் உண்டு, கடற்கரையில் இல்லை | ஊர் மரத்தடி | படகுத்துறையில் உண்டு, மணலில் நம்பாதீர்கள் | காட்டுக் கால்வாயில் நல்ல நிழல் |
| ரயிலில் போகலாமா | பொன்னேரி வரை | தடா வரை | முடியாது | சிதம்பரம் வரை |
| மறைந்த செலவு | மீன் வாங்கும் ஆசை | ஆந்திர பர்மிட், காத்திருப்பு | நகரத்தைக் கடக்கும் நேரம் | ஒரு நாள் போதாது |
| சரியான காலம் | நவம்பர் கடைசி முதல் மார்ச் | ஜனவரி, பிப்ரவரி | ஜனவரி முதல் மார்ச் | ஜனவரி, பிப்ரவரி |

ஏப்ரல், மே மாதங்களை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை, கவனித்தீர்களா? கத்திரி வெயிலில் மணல்திட்டுக்குப் போகும் யோசனையை அந்த நாலாவது ஆளிடமே விட்டுவிடலாம்.

## பழவேற்காடு: படகே ஏறாமல் ஒரு தீவு

வடசென்னைக்காரனுக்குப் பழவேற்காடு பக்கத்து ஊர். திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையைப் பிடித்தால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வண்டி இல்லாதவர்கள் கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து. ரயில் செலவு ஒரு டீ, இரண்டு வடை விலைதான். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா நீளமாகப் படுத்துக்கொண்டு ஏரியைக் கடலிலிருந்து மறைக்கிறது.

இங்கே போகிறவர்கள் எல்லோரும் படகில் ஏறத்தான் போகிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. 2011 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அதன்பிறகு மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டது. தடை இருந்தும் கரையில் நின்றால் யாராவது வந்து "போட்டிங் போறீங்களா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். நாங்கள் ஏறியதும் அப்படித்தான்.

ஏரிக்குள் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். ஆபத்து ஏரியில் இல்லை, முகத்துவாரத்தில். ஏரித் தண்ணீர் வெளியே ஓடும்போது கடல் அலை எதிரே வந்து மோதும் இடம் அது. மணல் ஒரு வாரம் இங்கே இருக்கும், அடுத்த வாரம் அங்கே இருக்கும். காசிமேட்டில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகும் வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் குழுவில் இருக்கிறான். அன்றைக்கு மணல்திட்டில் அவன் மட்டும் படம் எடுக்காமல் முகத்துவார வாயையே பார்த்து நின்றுகொண்டிருந்தான். "வாட திரும்புது. இதுல ஆள் ஏத்திட்டு வாய்ப் பக்கம் வந்தான்னா வையி..." என்றான். மீதியைச் சொல்லவில்லை. கடல் தெரிந்தவன் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

அப்படியென்றால் பழவேற்காடே வேண்டாமா? வேண்டும். படகு மட்டும் வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காடு முகத்துவாரம் வரை கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் நிலம் ஓடுகிறது. காட்டுப்பள்ளித் தீவு என்று சொல்வது இதைத்தான். அதன் வடக்கு முனையில்தான் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கமும் லைட்ஹவுஸ் குப்பமும் இருக்கின்றன. ஊரிலிருந்து அங்கே போகப் பாலம் இருக்கிறது. பைக்கிலேயே பாலம் ஏறி இறங்கினால் நீங்கள் நிற்பது தீவில். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். இதை என் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. படகு ஏறாத தீவு தீவே இல்லையாம்.

இங்கே ஒரு பகலை இப்படிப் பிரிக்கலாம். காலை எட்டுக்குள் கலங்கரை விளக்கப் பக்கம் கடற்கரை. வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துவிடுங்கள். குளிப்பது கணுக்கால் வரைக்கும் மட்டும், முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம். பத்தரைக்கு மேல் பாலத்தைத் தாண்டி ஊருக்குள். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது வெறும் மேடும் புதரும்தான், அதைத் தேடி அலையாதீர்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். உள்ளே கிடக்கும் கற்பலகைகளில் எழுத்தும் சின்னமும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. தொல்லியல் துறை பராமரிக்கும் இடம். எங்களில் ஒருத்திக்கு அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு மணி நேரம் போயிற்று. ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் பார்க்கச் சூரிய கடிகாரம் உண்டு. அனுமதி கேட்டு, தலையை மூடிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைகிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். விரல் நகத்தால் ஓலையைக் கீறி ஈர்க்கைப் பிரிக்கிற வேகத்தைப் பார்த்தால் பேரம் பேச மனசு வராது.

மறைந்த செலவு என்றால் மீன்தான். ஏரி நண்டும் இறாலும் இங்கே பேர்பெற்றவை. சமைத்துத் தருபவர்கள் உண்டு, ஆனால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் போய் நின்றால் மதியம் இரண்டு மணி வரை பசியோடு நின்று, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். வீட்டுக்கு நண்டு வாங்க ஆசைப்பட்டால் ஐஸ்பெட்டி எடுத்துப் போங்கள். பையில் கட்டிய நண்டு மீஞ்சூர் தாண்டும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவன் தொடையைக் கிள்ளும், எங்களுக்கு நடந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தில் கரையெங்கும் மீன் விலை ஏறியிருக்கும், ஏரி மீனுக்கும் சேர்த்து.

செலவுக் கணக்கு: பைக்கில் போகவர 110 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு பைக்குக்கு 250, தலைக்கு 125. சாப்பாடுதான் பெரிய செலவு.

இது யாருக்குச் சரி: பணம் குறைவு, நீச்சல் தெரியாது, மாலையில் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்பவர்களுக்கு. ராக்கெட் ஏவும் நாளானால் இன்னும் சரி; ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புவது பழவேற்காட்டுக் கரையிலிருந்தே தெரியும். அன்றைக்குக் கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

யாருக்குச் சரியில்லை: படகில் ஏறாமல் திரும்பினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் நண்பர் குழுவுக்கு. அப்படிப்பட்ட ஒருத்தன் இருந்தாலும் கரையில் வாக்குவாதம் வந்து, கடைசியில் எல்லோரும் அந்தப் படகில்தான் ஏறுவீர்கள். உங்கள் குழுவைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

## இருக்கம்: ஏரிக்கு நடுவில் ஒரு தமிழ் ஊர்

அதே ஏரியின் ஆந்திரப் பகுதியில் இருக்கிறது இருக்கம் தீவு. திருப்பதி மாவட்டம், தடா மண்டலம். ஆந்திராவில் இருந்தாலும் அங்கே பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். மீனவர் ஊர். தடாவிலிருந்து ஆட்டோ பிடித்துப் பீமுலவாரிபாளையம் துறைக்குப் போய் அங்கிருந்து படகு.

நம் பக்கத்துப் பையன்களுக்குத் தடா என்றால் அருவி ஞாபகம் வரும், இல்லையென்றால் வேறொன்று ஞாபகம் வரும். அந்த வேறொன்றுக்காகப் போகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம். போதையில் படகேறுவதைவிட மடத்தனம் இல்லை. திரும்பும்போது எளாவூர் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள் என்பது தனிக் கதை.

போக எளிய வழி ரயில். சூலூர்ப்பேட்டை போகும் புறநகர் ரயில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. தென்சென்னைக்காரர்களுக்கு இல்லாத வசதி இது. ஆனால் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் வண்டிகள்தான் அதிகம், தடா தாண்டிப் போவது குறைவு. அதனால் போகும் வண்டியைவிடத் திரும்பும் வண்டியின் நேரத்தைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டால் ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் கை காட்டிக்கொண்டு நிற்க நேரிடும்.

காரில் போனால் இரண்டு செலவு ஒளிந்திருக்கிறது. ஒன்று, காரனோடைக்குப் பக்கத்தில் நல்லூர் டோல். இரண்டு, வாடகைக் கார் என்றால் ஆந்திராவுக்குள் நுழையப் பர்மிட். மஞ்சள் போர்டு வண்டிக்காரர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்லி, எல்லையில் நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். வண்டி பேசும்போதே பர்மிட் யார் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

படகு விஷயத்தில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: இருக்கத்துக்கு ஓடும் படகுகள் முதலில் அந்த ஊர்க்காரர்களுக்கானவை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்தப் படகுதான் பேருந்து. நாம் ஆறு பேர் ஸ்பீக்கரோடு போய் ஏறி இடத்தை அடைத்துக்கொண்டால் அரிசி மூட்டையோடு நிற்கும் பாட்டி அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும். ஆந்திர சுற்றுலாத் துறை பீமுலவாரிபாளையத்தில் படகு விடும் நாட்களில் அதில் போவதுதான் முறை. முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, உயிர்காப்பு உடை உண்டு என்று உறுதியானால் மட்டும் கிளம்புங்கள். படகு இல்லை என்றால் அன்றைக்கு இருக்கம் இல்லை. வழியில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று கிளம்பினால் நான் மேலே சொன்ன மணல்திட்டுக் கதை உங்களுக்கும் நடக்கும்.

போய்ச் சேர்ந்தால் என்ன? பறவைகள். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. படகு கொஞ்சம் நெருங்கினால் கோடு எழுந்து, இறக்கைக்கு அடியில் இருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும். நெருங்காமல் பார்ப்பதே நல்லது, அவை இரை தேடும் நேரம் அது. ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம் என்பதால் டிரோன், பட்டாசு, சத்தமாகப் பாட்டு எதுவும் கூடாது. சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடக்கும் ஆண்டுகளில் படகுக்கு ஏற்பாடு நன்றாக இருக்கும், கூட்டமும் அப்படியே. அந்த நாட்களில் சூலூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் நெலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்களையும் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் அடைக்க முயன்றால் இரண்டும் அரைகுறை.

யாருக்குச் சரி: கையில் தொலைநோக்கியும் மனசில் பொறுமையும் உள்ள நாலு பேருக்கு. காத்திருப்பதையே பயணமாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு.

யாருக்குச் சரியில்லை: கடலில் குளிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு. ஏரித் தீவில் கடலும் இல்லை, கடற்கரையும் இல்லை. இருப்பது ஊரும் சேறும் பறவையும். எங்கள் குழுவில் பாதி பேர் இதைக் கேட்டவுடனே ஒதுங்கிவிட்டார்கள்.

## முதலியார்குப்பம்: நேரம்தான் விலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போனால் முதலியார்குப்பம் படகுத்துறை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துவது. உப்பங்கழியில் படகு ஏறினால் அக்கரையில் கடலை ஒட்டிய மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். டிக்கெட் கொடுப்பார்கள், உயிர்காப்பு உடை கொடுப்பார்கள், திருப்பிக் கூட்டிவருவதும் அவர்கள் பொறுப்பு. என் முதல் அளவுகோலில் கேள்வியே கேட்காமல் தேறுவது இதுதான். படகுத்துறையிலேயே கழிப்பறையும் உட்கார இடமும் இருப்பதால் இரண்டாவதிலும் பாதி மார்க்.

பிறகு ஏன் எல்லோரும் இங்கே போவதில்லை? நாம் வடசென்னையில் இருப்பதால். நகரின் தெற்கே இருப்பவனுக்கு இது ஒரு பயணம், நமக்கு இரண்டு. ராயபுரத்திலிருந்து திருவான்மியூர் வரை ஒன்று, திருவான்மியூரிலிருந்து முதலியார்குப்பம் வரை இன்னொன்று. ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் நகரம் காலியாக இருக்கும், சர்ரென்று போய்விடலாம். ஏழரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் சிக்னலிலேயே போய்விடும். திரும்பும்போது இன்னும் மோசம். ஞாயிறு மாலை புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகள், மாமல்லபுரத்திலிருந்து கிளம்பும் வண்டிகள், கோவளத்தில் மீன் சாப்பிட்டுத் திரும்பும் வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உத்தண்டி டோலை நோக்கி வரும்.

வண்டி இல்லாதவர்களுக்கு: விம்கோ நகர் மெட்ரோவைப் பிடித்துச் சைதாப்பேட்டை அல்லது கிண்டியில் இறங்கித் திருவான்மியூர் போய், அங்கிருந்து ஈ.சி.ஆர். வழி புதுச்சேரி போகும் பேருந்து. ஏறும்போதே நடத்துநரிடம் முதலியார்குப்பத்தில் நிற்குமா என்று கேட்டுவிட வேண்டும். திரும்பும்போது நெடுஞ்சாலையில் நின்று கை காட்ட வேண்டும். ஞாயிறு மாலைப் பேருந்துகள் நிரம்பியே வரும். ஆறு பேர் என்றால் கார்தான் சரி. போகவர 210 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்றால் 14 லிட்டர், அதாவது 1,400 ரூபாய். டோல் தனி. ஆறாகப் பிரித்தால் தலைக்கு இருநூற்றைம்பதைச் சுற்றி. படகுக் கட்டணம் அதற்கு மேல்.

படகுக்கு நேரக் கணக்கு உண்டு. அக்கரையில் எவ்வளவு நேரம் விடுவார்கள், கூடுதல் நேரத்துக்கு என்ன கட்டணம் என்பதை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். அக்கரைக்குப் போனபின் கேட்டுப் பயனில்லை. அங்கே கடைகளை நம்பிப் போகாதீர்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு பெரிய குடை, ஒரு பழைய புடவை. புடவை எதற்கு என்று கேட்காதீர்கள், நாலு கம்பில் கட்டினால் பந்தல், விரித்தால் பாய், சுற்றினால் உடை மாற்றும் அறை. என் அத்தை கொடுத்தனுப்பிய யோசனை. இதுவரை நாங்கள் வாங்கிய எந்தக் கூடாரமும் அதற்கு ஈடாகவில்லை.

கடல் பக்கம் ஆழம் சட்டென்று இறங்கும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். உப்பங்கழிப் படகு பாதுகாப்பானது என்பதால் கடலும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படகு ஓடுகிறதா என்று கேட்காமல் கிளம்பினால் 105 கிலோமீட்டர் போய்ப் பூட்டிய துறையைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

யாருக்குச் சரி: கலவையான குழுவுக்கு. நீச்சல் தெரியாதவர், பெண்கள், முதல்முறை படகு ஏறுபவர் இருக்கும் குழுவுக்கு. விடியற்காலை கிளம்பத் துணிவு வேண்டும், அவ்வளவுதான்.

யாருக்குச் சரியில்லை: "எட்டு மணிக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லும் ஒரே ஒருவன் குழுவில் இருந்தாலும்.

## பிச்சாவரம்: நல்ல இடம், தப்பான நாள்

பிச்சாவரம் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நான்கு இடங்களில் உண்மையான நிழல் உள்ள ஒரே இடம் அதுதான். துடுப்புப் படகு சுரபுன்னைக் கால்வாய்க்குள் நுழைந்தால் தலைக்கு மேல் கிளை கூடி, வெயில் காசு காசாகத் தண்ணீரில் விழும். படகும் சுற்றுலாக் கழகத்தினுடையது. ஆனால் போகவர 480 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் படகுக்குப் பத்து மணி நேரம் வண்டியில். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் முடியும்தான். திரும்பும் வழியில் கார் ஓட்டுபவன் கண் சொக்குவான். சனிக்கிழமை இரவே சிதம்பரம் போய்த் தங்கினால் சரி. அது வேறு பயணம். துடுப்புப் படகையே கேட்டு வாங்குங்கள். மோட்டார் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழையாது, அந்த நிழலுக்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறீர்கள்.

## பட்டியலில் இல்லாதவை

ஸ்ரீஹரிகோட்டாவும் தீவுதானே என்று கேட்பவர்களுக்கு: ஆம், ஆனால் சும்மா சுற்றிப்பார்க்கப் போகும் தீவு இல்லை. ராக்கெட் ஏவுவதைப் பார்க்க இஸ்ரோ 2019இல் பார்வையாளர் மாடம் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து, அடையாள அட்டையோடு போகலாம். ஏவுதல் தள்ளிப்போனால் உங்கள் பயணமும் தள்ளிப்போகும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலை மட்டுமே போதும் என்று சொல்பவர்களும் உண்டு.

எண்ணூர் முகத்துவாரமும் காட்டுப்பள்ளியின் தெற்கு முனையும் நமக்கு இன்னும் பக்கம். அங்கே பிக்னிக் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். துறைமுகங்கள், அனல்மின் சாம்பல், கன்டெய்னர் லாரி வரிசை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்கப் பரவிய எண்ணெயை மீனவர்கள் கையால் வழித்து எடுத்ததைப் பார்த்தவர்கள் நாம். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தீவுக்கு நாம் போக முடியாமல்தான் நூறு கிலோமீட்டர் தள்ளித் தேடிக்கொண்டிருக்கிறோம்.

## எங்கள் குழு என்ன முடிவெடுத்தது

ஓட்டு போட்டோம். பழவேற்காட்டுப் பாலத்துக்கு இரண்டு, முதலியார்குப்பத்துக்கு மூன்று, இருக்கத்துக்கு ஒன்று. அந்த ஒன்று என்னுடையது. பூநாரை பார்க்க ஜனவரியில் நான் தனியாகவோ இன்னொரு பொறுமைசாலியைத் தேடிப்பிடித்தோ போய்க்கொள்வேன். காசிமேட்டுக்காரன் ஓட்டு முதலியார்குப்பத்துக்கு. காரணம் கேட்டால், "அங்க போட்டு ஓட்டறவன் சம்பளக்காரன். எறக்கி உட்டுட்டு வல இழுக்கப் போமாட்டான்" என்றான். இவ்வளவு நீளமாக நான் எழுதியதை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

வரும் ஞாயிறு காலை ஐந்தே காலுக்குத் தண்டையார்பேட்டை மணிக்கூண்டு. குடையும் புடவையும் என் பொறுப்பு. தண்ணீர் கேன் பெரம்பூர்க்காரன் கொண்டுவர வேண்டும். அவன் மறப்பான் என்று தெரிந்து நானும் ஒன்று நிரப்பி வைத்துவிட்டேன்.